பக்கவாத்திய ப்ளகின்களை வைத்து ஒரு பாட்டைக் கட்டுவது எப்படி

நீங்கள் கொடுக்கும் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களைப் படித்து டிரம்ஸ், பேஸ், பியானோ, கிதார் எல்லாவற்றையும் தானே வாசித்துத் தரும் மென்பொருளைத்தான் இங்கே பக்கவாத்திய ப்ளகின் என்கிறோம். கனடாவின் பிஜி மியூசிக் 1990-இல் கொண்டுவந்த பேண்ட்-இன்-எ-பாக்ஸ் இந்த வகையில் மூத்தது. இன்று அது ரெக்கார்டிங் மென்பொருளுக்குள்ளேயே ப்ளகினாக, அதாவது செருகு மென்பொருளாகத் திறக்கிறது. டூன்டிராக்கின் ஈசிகீஸ், ஈசிபேஸ், ஈசிடிரம்மர், லாஜிக் புரோவில் 2024-இல் வந்த செஷன் பிளேயர்ஸ் ஆகியவையும் இதே வேலையை வேறு வழியில் செய்கின்றன.

வாங்கியதும் பெரும்பாலானோர் செய்வது இதுதான்: பிடித்த ஸ்டைல் ஒன்றைத் தேர்ந்து, நாலு கார்டைப் போட்டு, ஓடவிட்டு, அதன்மேல் மெட்டைத் தேடுவார்கள். அப்படிப் பிறக்கும் மெட்டு நாலு பார் (தாளக் கட்டம்) வட்டத்தை விட்டு வெளியே வராது. எத்தனை பாட்டு போட்டாலும் ஒரே சாயல்தான் அடிக்கும். மெட்டு முதலில், பக்கவாத்தியம் அதன் பின்னால் என்ற வரிசை மாறாமல் இருந்தால்தான் இந்தக் கருவிகளால் லாபம். கீழே உள்ள வேலைமுறையும் அந்த வரிசையில்தான் போகிறது. உதாரணத்துக்கு 2 கட்டைச் சுருதியில், மோகன ராகச் சாயலில், நிமிடத்துக்கு 88 அடி (88 பிபிஎம்) வேகத்தில் ஒரு மெல்லிசைப் பாட்டை எடுத்துக்கொள்வோம். ரெக்கார்டிங் மென்பொருள் ரீப்பர். மற்றவற்றிலும் படிகள் அதிகம் மாறாது.

எதை எதற்கு வைத்துக்கொள்வது

இரண்டு வகை இருக்கின்றன. பேண்ட்-இன்-எ-பாக்ஸின் ரியல்டிராக்ஸ் போன்றவை, ஸ்டுடியோவில் கலைஞர்கள் வாசித்த ஆடியோவைத் துண்டு துண்டாக வைத்திருந்து உங்கள் கார்டுக்கு ஏற்பக் கோத்துத் தருபவை. விரல் சறுக்கும் ஓசை, பிக் உரசல் எல்லாம் நிஜமாக இருக்கும். ஆனால் வெளியே எடுத்த பிறகு ஒரு கார்டை மாற்ற நினைத்தால் அந்த ஆடியோவில் மாற்ற முடியாது. ப்ளகினுக்குத் திரும்பிப் போய் மறுபடி உருவாக்க வேண்டும். ஈசிகீஸ், ஈசிபேஸ் வகை மிடியில், அதாவது எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்புகளில் இயங்குபவை. ஒரு சுரம் உறுத்தினால் அதை மட்டும் பிடித்து நகர்த்தலாம், அழிக்கலாம், நாளைக்கு வேறு பியானோ ஒலியையும் மாட்டலாம்.

மெட்டு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் கட்டத்தில் மிடி வகையே நல்லது. கார்டு உறுதியான பிறகு அக்கூஸ்டிக் கிதார், ஸ்லைடு, பிரஷ் டிரம்ஸ் போன்று மிடியில் பொம்மைத்தனமாகக் கேட்பவற்றுக்கு ஆடியோ வகைக்குப் போங்கள். தபலா, மிருதங்கம், டோலக் வேண்டுமென்றால் இரண்டிலும் பெரிதாகத் தேடாதீர்கள். இவற்றின் சரக்கு பெரும்பாலும் மேற்கத்திய ராக், ஜாஸ், கன்ட்ரி, பாப் வகை. நம் தாள வாத்தியங்களுக்கு ஸ்வர்பிளக் போல அதற்கென்றே செய்த தொகுப்புகள் இருக்கின்றன. அதைவிட நல்லது, வாசிக்கத் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் மைக் முன் உட்காருவது.

ப்ளகினைத் திறக்கும் முன்

மெட்டைப் பல்லவியோடும் ஒரு சரணத்தோடும் கைப்பேசியில் பாடிப் பதிவு செய்யுங்கள். மெட்ரோனோம் வேண்டாம், இயல்பான வேகம் போதும். அந்தப் பதிவிலிருந்து மூன்று விஷயங்களை எடுக்க வேண்டும்.

முதலாவது சுருதி. பாடப்போகிறவரின் கட்டையைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1 கட்டை சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. அரைக் கட்டைகள் கறுப்புக் கட்டைகள். 1½ என்றால் சி ஷார்ப், 4½ என்றால் எஃப் ஷார்ப். உங்கள் குரலுக்கு வசதியான சுருதியில் எல்லா டிராக்கையும் உருவாக்கிவிட்டு, பாடகி வந்து 5½ என்று சொன்ன பிறகு ஆடியோவை பிட்ச் ஷிஃப்ட் செய்தால் கிதார் பிளாஸ்டிக் ஆகிவிடும். மிடியானால் தப்பித்தீர்கள். இல்லாவிட்டால் புதிதாக உருவாக்க வேண்டியதுதான்.

இரண்டாவது வேகம். பல்லவியின் 8 பார் எத்தனை வினாடி ஓடுகிறது என்று பாருங்கள். 4/4-இல், அதாவது பாருக்கு நாலு அடியில், 8 பார் என்றால் 32 அடி. அது 22 வினாடி என்றால் 32-ஐ 22-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்க 87.3 வரும், 87 அல்லது 88 என்று வைத்துக்கொள்ளுங்கள். சரணத்தையும் இப்படியே கணக்கிடுங்கள். சரணத்தில் 3, 4 பிபிஎம் கூடியிருந்தால் அது பாடும்போது வந்த உற்சாகம். ஒரே வேகத்துக்குக் கொண்டுவரலாம். 10-க்கு மேல் கூடியிருந்தால் மெட்டே அங்கே வேறு நடை கேட்கிறது என்று பொருள்.

மூன்றாவது பார் கணக்கு. காகிதத்தில் எழுதுங்கள்: முன்னிசை 8, பல்லவி இரண்டு முறை 16, முதல் இடையிசை 12, சரணம் 16, பல்லவி 8, இரண்டாம் இடையிசை 12, இரண்டாம் சரணம் 16, பல்லவி 8, முடிப்பு 4. மொத்தம் 100 பார். 400 அடியை 88 வேகத்தில் ஓட்டினால் சுமார் 4 நிமிடம் 33 வினாடி. நீளம் என்று தோன்றினால் இப்போதே இடையிசையில் கை வையுங்கள். டிராக் எல்லாம் உருவான பிறகு வெட்டி ஒட்டினால் ஒவ்வொரு தையலிலும் சிம்பலின் வால் அறுந்து கேட்கும்.

ரீப்பரில் ஆல்ட்-என்டர் தட்டி வேகத்தையும் சாம்பிள் ரேட்டையும் உறுதி செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு பகுதியையும் டைம்லைனில் தேர்ந்து ஷிஃப்ட்-ஆர் தட்டி ரீஜன் ஆக்கிப் பெயர் கொடுங்கள். முதல் 2 பாரைக் கவுன்ட்-இன்னுக்காக (பாட்டுக்கு முன் அடி எண்ணுவதற்காக) காலியாக விட்டு, முன்னிசையை 3-ஆவது பாரில் தொடங்குங்கள். பாட்டை டைம்லைனின் இடப்பக்க ஓரத்தில் ஒட்டித் தொடங்கினால் பின்னால் ஒரு பிக்-அப் சுரம் வைக்கக்கூட இடம் இருக்காது.

எடுப்பு எங்கே விழுகிறது

நம் பாட்டுகளை இந்த ப்ளகின்களில் போடும்போது அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான். பாட்டின் முதல் சொல்லை முதல் பாரின் முதல் அடியில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் நம் பல்லவிகளில் நிறைய சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில் எடுப்பதில்லை. தாளம் விழுந்து அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளி எடுக்கும் அனாகதமும் உண்டு, தாளத்துக்கு முன்பே எடுக்கும் அதீதமும் உண்டு. சொல்லைப் பார் கோட்டில் வைத்தால் தாளம் முழுவதும் அரை அடி பிசகி நிற்கும். ப்ளகினோ தன் கிராஷையும் (பெரிய சிம்பல் அடி) ஃபில்லையும் (பகுதி மாறும்போது வரும் டிரம்ஸ் உருட்டல்) பேஸின் மூலச் சுரத்தையும் அந்தப் பொய்யான சமத்தில்தான் அடிக்கும். கேட்பவருக்கு ‘ஏதோ ஒட்டவில்லை’ என்று தெரியும். எது என்று சொல்லத் தெரியாது.

சரிபார்க்க ஒரு வழி: கைப்பேசிப் பதிவை ரீப்பரில் போட்டு, தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். கை தொடையில் முதலில் விழும் இடத்தில் எம் தட்டி மார்க்கர் வையுங்கள். அந்த மார்க்கர் பார் கோட்டுக்கு வரும்படி பதிவை நகர்த்துங்கள். சொல் அதற்கு முன்போ பின்போ எங்கே விழுந்தாலும் அது அதன் இடம். ஆதி தாளம் என்றால் 8 எண்ணிக்கை இரண்டு 4/4 பாராக உட்காரும். ப்ளகினின் பகுதி மாற்றங்களை இரட்டைப்படைப் பார்களின் முடிவில் மட்டும் வைத்தால் ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) உடையாது.

தொகையறா (பல்லவிக்கு முன் தாளமில்லாமல் பாடும் பகுதி) இருந்தால் அதைக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். தம்பூராவோ ஒற்றை ஸ்ட்ரிங்ஸ் பேடோ (பின்னால் நீண்டு நிற்கும் ஒலி) வைத்து மெட்ரோனோம் இல்லாமல் பாடிப் பதிவு செய்யுங்கள். பல்லவியின் சமம் விழும் இடத்தில் கர்சரை வைத்து, ஷிஃப்ட்-சி தட்டி, வேகத்தோடு தாளக் குறியையும் சேர்த்துப் போட்டால் அங்கிருந்து புதிய பார் தொடங்கும். ப்ளகினுக்கு வேலை அந்தக் கோட்டுக்குப் பிறகுதான்.

கார்டு எழுதுவது: ராகமும் ப்ளகினின் பழக்கமும்

டியைச் சட்ஜமாக வைத்தால் மோகனத்தின் சுரங்கள் டி, இ, எஃப் ஷார்ப், ஏ, பி. மத்யமமான ஜியும் நிஷாதமான சி ஷார்ப்பும் இல்லை. ஆனால் ‘டி’ என்று நீங்கள் எழுதியதும் ப்ளகின் டி மேஜர் ஸ்கேல் முழுவதையும் தன் சொத்தாக எடுத்துக்கொள்ளும். பேஸ் ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு நடக்கும்போது ஜியைத் தொடும், பியானோ மேலே சி ஷார்ப்பைச் சேர்த்து மினுக்கும். குரல் மோகனத்தில் நிற்கும்போது குரலின் இடைவெளியில் பியானோ மத்யமம் பேசினால் ராகத்தின் முகம் மாறிவிடும்.

ராகத்துக்குள்ளேயே நிற்கும் கார்டுகள் இவை: டி, பி மைனர், டி 6, பி மைனர் 7, ஏ சஸ்-2, இ சஸ்-4. கடைசி இரண்டிலும் இருப்பது ஏ, பி, இ என்ற அதே மூன்று சுரங்கள்தான், பேஸ் மட்டும் மாறும். டி 6/9 கார்டில் மோகனத்தின் ஐந்து சுரங்களும் வந்துவிடும். அதற்காக எல்லா இடத்திலும் அதையே போட்டால் ஓட்டல் வரவேற்பறை வாசனை அடிக்கும். முடிப்பில் ஒரு முறை போதும். பல்லவிக்கு ஒரு 8 பார் இப்படி:

டி | டி | பி மைனர் 7 | பி மைனர் 7 | டி, பேஸில் எஃப் ஷார்ப் | இ சஸ்-4 | ஏ சஸ்-2 | டி

மெல்லிசையில் ஜியும் ஏ 7-உம் வைப்பது குற்றமில்லை. குரல் ராகத்தில் நிற்க, கார்டு வெளியே போய் வருவதில் தனி அழகு இருக்கிறது. நீங்கள் தெரிந்து போட்ட ஜியும், ப்ளகின் தன் பாட்டுக்குச் சேர்த்த ஜியும் வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மிடியாக இருந்தால் பியானோ ரோலில் ஜி, சி ஷார்ப் வரிசைகளைப் பார்த்து, நீங்கள் கேட்காதவற்றைத் தேர்ந்து அழித்துவிடலாம்; 100 பாருக்கு சில நிமிட வேலை. ஆடியோவாக இருந்தால் அந்தச் சுரம் வரும் ஓரிரு பாரை மட்டும் மறுபடி உருவாக்கி வேறு வாசிப்பைக் கேளுங்கள், அல்லது எளிய வாசிப்புள்ள டிராக்கைத் தேர்ந்தெடுங்கள்.

தோடி போல காந்தாரத்தை அசைத்தே பாடும் ராகங்களில் கார்டின் மூன்றாம் சுரமே பகை. குரல் காந்தாரத்தை ஆட்டிக்கொண்டிருக்க, பியானோ அதே சுரத்தை ஆணி அடித்தாற்போல் நிறுத்தினால் குரல்தான் சுருதி விலகியதாகக் கேட்கும். அங்கே மூன்றாம் சுரமில்லாத பவர் கார்டோ, சட்ஜம் பஞ்சமம் மட்டும் நிற்கும் பேடோ வையுங்கள்.

இன்னொன்று: ஒரு பாரில் எத்தனை கார்டு? 88 வேகத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மெட்டின் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கார்டு கொடுத்தால் ப்ளகினின் வாசிப்பு சொற்றொடராக வராமல் விக்கும். ஆடியோ வகையில் இது இன்னும் மோசம். பதிவில் இருக்கும் துண்டுகளை அரை அரை பாராக வெட்டி ஒட்ட வேண்டி வரும், ஒட்டுக் கேட்கும்.

ஸ்டைல் தேர்வு

பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், வடிகட்டிகளைப் பயன்படுத்துங்கள். முதலில் தாளக் குறி, அடுத்து நடை, அதன் பின் வேகம், கடைசியில்தான் வகை. நடை என்றால் அடியை இரண்டாகச் சமமாகப் பிரிப்பதா, ஊஞ்சலாக நீட்டிக் குறுக்குவதா, நான்காகப் பிரிப்பதா என்பது. சமமான எட்டில் பாடிய மெட்டுக்கு ஊஞ்சல் நடையான ஸ்விங் ஸ்டைல் போட்டால் ஹைஹேட்டும் (மிதித்து மூடும் சிம்பல் ஜோடி) குரலும் ஒவ்வொரு அரை அடியிலும் முட்டிக்கொள்ளும். கார்டு சரி, வேகம் சரி, ஆனாலும் தடுமாறுகிறது என்றால் முதலில் நடையைச் சந்தேகியுங்கள்.

ஆடியோ வகையில் ஒவ்வொரு ஸ்டைலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பதிவானது. 85-இல் பதிவானதை 88-க்கு இழுப்பது மூன்றரை சதவீதம்; காதுக்குத் தெரியாது. 10 சதவீதம் வரை துணிந்து போகலாம். 15, 20 என்று போனால் சிம்பல் தண்ணீருக்குள் கேட்பது போலாகும், கிதாரின் மீட்டல் மழுங்கும். அப்போது வேறு ஸ்டைலைப் பாருங்கள்.

முதலில் எட்டு பார் மட்டும்

முழுப் பாட்டையும் ஒரேயடியாக உருவாக்க ஆசை வரும். பொறுங்கள். பல்லவியின் 8 பாருக்கு டிரம்ஸ், பேஸ், கார்டு வாசிக்கும் ஒரு கருவி என்று மூன்று மட்டும் உருவாக்குங்கள். அதன்மேல் மைக்கில் பாடிப் பாருங்கள். சொற்கள் தெளிவாகக் கேட்கின்றனவா? மூச்சு எடுக்கும் இடத்தில் நெரிசல் இருக்கிறதா? வேகம் பாடும்போது சரியாக இருக்கிறதா? காகிதத்தில் 88 என்று வந்தது டிரம்ஸ் சேர்ந்ததும் அவசரமாகத் தோன்றுவது வழக்கம். இரண்டு குறைத்துப் பாருங்கள்.

டூன்டிராக் வகையில் வேலை செய்தால் ஒரு நல்ல குறுக்கு வழி உண்டு. ஈசிடிரம்மரில் தேர்ந்த டிரம்ஸ் மிடியை இழுத்து ஈசிபேஸில் போட்டால், அந்தத் தாளத்தைப் பின்பற்றி பேஸ் வரி கட்டித் தரும். கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பேஸும் ஒரே இடத்தில் விழுந்தாலே பாதிப் பாட்டு நிமிர்ந்துவிடும். லாஜிக்கில் கார்டு டிராக்கை எழுதிவிட்டால் பேஸ் பிளேயரும் கீபோர்டு பிளேயரும் அதைப் படித்துக்கொள்வார்கள். வாசிப்பின் சிக்கல் அளவை மட்டும் பல்லவிக்குக் குறைத்து இடையிசைக்குக் கூட்டுங்கள்.

பகுதி மாற்றம், ஃபில், கட்

பேண்ட்-இன்-எ-பாக்ஸில் ஏ, பி என்று பகுதிக் குறிகள் உண்டு. பல்லவிக்கு ஏ, சரணத்துக்கு பி என்று வைத்தால் சரணத்தில் வாசிப்பு தானே மாறும். கவனிக்க வேண்டியது: குறி எந்தப் பாரில் இருக்கிறதோ அதற்கு முந்தைய பாரில் டிரம்ஸ் ஃபில் விழும். பல்லவியின் கடைசி வரி அந்தப் பாரில்தான் முடிகிறது என்றால் கடைசிச் சொல்லின்மேல் டாம்டாம் உருளும். அதீத எடுப்பானால் அடுத்த வரியின் முதல் சொல்லே அதில் மாட்டும். குறியை ஒரு பார் தள்ளி வையுங்கள், அல்லது ஃபில் இல்லாத பாரை வேறோர் உருவாக்கத்திலிருந்து எடுத்து ஒட்டுங்கள். ஒவ்வொரு 8 பாருக்கும் குறி வைத்தால் டிரம்மர் ஓயாமல் ‘வருகிறேன் வருகிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

எல்லா வாத்தியமும் ஒரே இடத்தில் நிற்கும் ‘கட்’ நம் பாட்டுகளின் உயிர். இதற்கு கார்டுக்குப் பின் புள்ளிகள் வைக்க வேண்டும்: ஒரு புள்ளி மௌனம், இரண்டு புள்ளி ஒரே அடி அடித்து நிறுத்துவது, மூன்று புள்ளி அடித்து இழுத்து நிற்பது. கார்டுக்கு முன்னால் ஷிஃப்ட்-6-இல் இருக்கும் கூரைக் குறியை வைத்தால் அந்தக் கார்டு அரை அடி முந்தி விழும். சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் பாரில் ஏ சஸ்-2-க்கு மூன்று புள்ளி வைத்துப் பாருங்கள். குரல் தனியாக மேலேறி சமத்துக்கு வந்து இறங்க இடம் கிடைக்கும். எல்லா ரியல்டிராக்கிலும் இந்த வெட்டு அடிகள் பதிவாகியிருக்காது. ஒரு வாத்தியம் மட்டும் நிற்காமல் ஓடினால் அந்த இடத்தில் அந்த டிராக்கைக் கையால் வெட்டி, 10 மில்லிவினாடி ஃபேட் கொடுங்கள்.

ப்ளகினிலிருந்து டிராக்குக்கு

ஒவ்வொரு முறை உருவாக்கும்போதும் வாசிப்பு புதிதாக வரும். பிடித்த ஒரு வாசிப்பு வந்ததும் உடனே அந்த டிராக்கை ரீப்பருக்குள் இழுத்துவிடுங்கள். அடுத்த பொத்தானைத் தட்டினால் அது போய்விடும். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி டிராக்காக இழுங்கள், மொத்தக் கலவையாக வேண்டாம். இழுத்த பிறகு ப்ளகினின் ஒலியை மியூட் செய்ய மறந்தால் இரண்டும் சேர்ந்து ஒலித்து, ஏதோ ஃபேஸர் போட்டது போல் சுழலும்.

இந்த இடத்தில் வரும் கோளாறுகளும் காரணங்களும்:

டிராக் சரியாக 2 பார் தள்ளி ஓடுகிறது. கோப்பில் கவுன்ட்-இன் சேர்ந்து வந்திருக்கிறது. 2 பாரை வெட்டுங்கள் அல்லது முன்னால் நகர்த்துங்கள்.

சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறி, வேகமும் கூடியிருக்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பு 48-ஆக வாசிக்கப்படுகிறது. கோப்பை முறையாக 48-க்கு மாற்றுங்கள். ரீப்பர் இதைத் தானே செய்துவிடும். எல்லா மென்பொருளும் அப்படியல்ல.

முதலில் சரியாக இருந்து போகப் போக விலகுகிறது. ப்ளகினில் 88, ப்ராஜெக்டில் 87.3 என்பது போல வேகம் ஒத்துப்போகவில்லை. அல்லது உங்கள் மென்பொருள் ஆடியோவைத் தானே வார்ப் செய்திருக்கிறது, அதாவது வேகத்துக்கு ஏற்ப நீட்டிக் குறுக்கியிருக்கிறது. ஏபிள்டன் லைவில் நீளமான கோப்புகளைத் தானாக வார்ப் செய்யும் அமைப்பை அணைத்துவிட்டு இழுங்கள்.

மிடியை இழுத்ததும் பியானோ டிராக்கில் வேறு ஒலி வருகிறது. உள்ளே புரோகிராம் சேஞ்ச் கட்டளை ஒளிந்திருக்கிறது. ஈவென்ட் பட்டியலில் அதை அழியுங்கள்.

ஹைஹேட் வரவேண்டிய இடத்தில் மாட்டு மணி கேட்கிறது. டிரம் மேப் மாறியிருக்கிறது. ஜெனரல் மிடி வரிசையில் கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹைஹேட் 42, திறந்த ஹைஹேட் 46, கிராஷ் 49, ரைட் 51. உங்கள் டிரம் ப்ளகினை இந்த வரிசைக்கு மாற்றுங்கள்.

பேஸ் இடையில் ஊமையாகிறது, அல்லது திடீரென்று ஸ்லாப் அடிக்கிறது. நாலு தந்தி பேஸின் அடிச் சுரம் மிடி எண் 28. அதற்குக் கீழே பல சாம்பிள் பேஸ்களில் வாசிப்பு முறையை மாற்றும் சாவிகள்தான் இருக்கும். வரி அங்கே இறங்கியிருந்தால் ஓர் ஆக்டேவ் ஏற்றுங்கள்.

6/8-உம் 7-உம்

திஸ்ர நடைப் பாட்டுகளுக்கு 6/8 என்று தேடி ஒன்றும் கிடைக்காமல் பலர் விட்டுவிடுகிறார்கள். 12/8 என்று தேடுங்கள். ப்ளகினுக்குள் அது பெரும்பாலும் 4/4-ஆகவே இருக்கும், ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரியும். 6/8-இன் இரண்டு பார் அங்கே ஒரு பார். வேகத்தில்தான் இடறுவார்கள்: பெரிய அடி நிமிடத்துக்கு 60 என்றால் ப்ளகினில் 60. ப்ராஜெக்டை 6/8-இல் வைத்திருந்து, வேகத்தைக் குவார்ட்டர் நோட்டில் எண்ணும் மென்பொருளானால் அங்கே 90. இரண்டிலும் 4 பெரிய அடி 4 வினாடிதான் ஓடும். குழப்பமாக இருந்தால் ப்ராஜெக்டையும் 4/4, 60 என்றே வைத்து, கிரிட்டை மட்டும் டிரிப்லெட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

மிஸ்ர சாபு, கண்ட சாபு என்றால் ஆயத்த ஸ்டைல்களை மறந்துவிடலாம். 4/4 ஸ்டைலை 7-க்கு வெட்டி ஒட்டிய எதுவும் நொண்டும். தாளத்தைக் கையால் எழுதுங்கள் அல்லது வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ப்ளகினிடம் பாருக்கு ஒரு கார்டு இழுத்து நிற்கும் பேடும் பேஸும் மட்டும் கேளுங்கள். குத்துப் பாட்டுக்கும் இதே பதில்தான்: பறையும் தவிலும் வெளியிலிருந்து, பேஸும் கீஸும் ப்ளகினிலிருந்து. டோலக்கோ பறையோ வந்த பிறகு ப்ளகின் டிரம்ஸில் கிக்கையும் ஸ்னேரையும் நிறுத்தி, ஹைஹேட்டை மட்டும் வைத்தாலே போதும். ஸ்டீரியோவாக ஒட்டி வரும் ஆடியோ டிரம்ஸில் அப்படிப் பிரிக்க முடியாது, ஆகவே இந்த வகைப் பாட்டுக்கு மிடி டிரம்ஸ்தான்.

குரல் பதிவு, பிறகு களையெடுப்பு

பாடகர் வருமுன் எல்லா ப்ளகின் டிராக்கையும் ரெண்டர் செய்து ப்ளகின்களை அணைத்துவிடுங்கள். உருவாக்கும்போது பஃபர் (கணினி ஒரு முறைக்குச் சேர்த்துவைக்கும் ஒலியின் அளவு) 1024-இல் இருந்தால் பரவாயில்லை. குரலை மென்பொருள் வழியாகக் கேட்டுக்கொண்டு பாடுபவருக்கு 44.1-இல் அது ஒரு வழிக்கே 23 மில்லிவினாடி தாமதம். தன் குரல் பின்தங்கி வருவதாக உணர்ந்து இழுத்துப் பாடுவார். 128-க்கு இறக்கினால் 3 மில்லிவினாடிக்குள் வரும். ப்ளகின்கள் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பஃபரில் கணினி திணறி வெடிப்போசை வரும்.

குரல் வந்த பிறகுதான் உண்மையான ஏற்பாடு தொடங்குகிறது, அது பெரும்பாலும் நீக்கும் வேலை. ப்ளகினுக்குக் குரல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. 100 பாரும் வாசித்துத் தள்ளும். முதல் பல்லவியில் பேஸை எடுத்துவிட்டு, இரண்டாம் முறை திரும்பும்போது விடுங்கள். சரணத்தின் முதல் 4 பாரில் டிரம்ஸ் வேண்டாம். குரல் நீண்ட கார்வையில் நிற்கும்போது கிதாரின் அலங்காரம் பேசலாம். குரல் வேகமாகச் சொற்களைக் கொட்டும்போது அதை மியூட் செய்யுங்கள். பல்லவி நான்கு முறை வருகிறது என்றால் ஒரே துண்டை நான்கு முறை ஒட்டாமல், இரண்டு வாசிப்புகளை மாற்றி மாற்றி வையுங்கள்.

இடையிசைக்கு ப்ளகினில் உள்ள சோலோ வாத்தியங்களைப் போடுவது எளிது, ஆனால் கேட்டவுடன் தெரிந்துவிடும். அந்த சோலோவுக்கு உங்கள் மெட்டு தெரியாது, கார்டு மட்டும்தான் தெரியும். 12 பாருக்குப் புல்லாங்குழல் வரியை நீங்களே வாயால் பாடி எழுதுங்கள். பக்கவாத்தியம் மட்டும் ப்ளகினுடையதாக இருக்கட்டும். பணம் கொடுத்து ஒரே ஒரு கலைஞரைத்தான் அழைக்க முடியும் என்றால், குரலுக்கு மிக அருகில் வாசிக்கும் வாத்தியத்துக்கு அழையுங்கள். பேஸும் பேடும் ப்ளகினாகவே கடைசிவரை இருந்துவிடலாம், யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

கலவையில் நீண்ட வேலை இல்லை. இந்த டிராக்குகள் முழு உரத்தில், ஏற்கெனவே மெருகேற்றி வரும். எல்லாவற்றையும் 10 டெசிபல் இறக்கித் தொடங்குங்கள். பியானோ, கிதாரில் குரலின் சொல் தெளியும் 2, 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியை 2 டெசிபல் தாழ்த்துங்கள். பேஸைத் தவிர மற்றவற்றில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், கிக்கைத் தொடாதீர்கள்.

வெளியிடும்போது ஒரு சிக்கல் வரலாம். பேண்ட்-இன்-எ-பாக்ஸ் போன்றவற்றில் உருவாக்கிய இசையை உங்கள் பாட்டில் வெளியிட ராயல்டி கட்ட வேண்டாம். ஆனால் அதே துண்டுகள் மற்றவர்களிடமும் இருக்கின்றன. உங்கள் குரலோ மெட்டோ சேராத வெறும் பக்கவாத்திய டிராக்கை யூடியூபில் உரிமையாளரை அடையாளம் காணும் கன்டென்ட் ஐடியில் உங்களுடையது என்று பதிவு செய்யாதீர்கள். அதற்குத் தனி உரிமை வேண்டும், அது உங்களிடம் இல்லை.

பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் முதல் பாரிலிருந்து ஒரே நீள வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். மிடிகளைத் தனியாக, கார்டு தாளையும் வேகத்தையும் சுருதியையும் எழுதிய ஒரு உரைக் கோப்போடு அதே ஃபோல்டரில் போடுங்கள். ப்ளகினைப் புதுப்பித்த பிறகோ கணினி மாற்றிய பிறகோ பழைய ப்ராஜெக்டைத் திறந்து உருவாக்கு என்று தட்டினால், அன்றைக்கு வந்த அதே வாசிப்பு திரும்ப வராது.